பெரியவர்கள் வீட்டு வீடியோ காலிங் பெல்லுக்குக் குறைந்த செலவில் சிம் இன்டர்நெட்: படிப்படியான செய்முறை

தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டு வாசலில் வீடியோ காலிங் பெல் மாட்டிவிட்டால், யார் வந்து நிற்கிறார்கள் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் பார்க்கலாம், பேசலாம். அந்த வீட்டில் வைஃபை இல்லையென்றால் இந்த ஒரு பெல்லுக்காக பிராட்பேண்ட் இழுக்க வேண்டியதில்லை. ஒரு 4ஜி ரவுட்டரும் சின்ன டேட்டா பிளானும் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: கரண்ட் போய் வந்தாலும் சரி, சிக்னல் விட்டு வந்தாலும் சரி, வீட்டில் இருப்பவர் ஒரு பட்டனைக்கூடத் தொடாமல் எல்லாம் தானாக வேலை செய்ய ஆரம்பிக்க வேண்டும்.

1. எவ்வளவு டேட்டா வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். 1080பி பெல் ஒன்று வீடியோ அனுப்பும்போது ஏறக்குறைய 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்) வேகம் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 15 எம்பி, 30 விநாடி கிளிப் ஒன்றுக்கு 7.5 எம்பி.

பெல்லை அழுத்தினால் மட்டும் பதிவாகும்படி வைத்து, நாளுக்கு 5 பேர் வந்தால் மாதம் 1 ஜிபியைக் கொஞ்சம் தாண்டும். ஆள் நடமாட்டத்தையும் சேர்த்து நாளுக்கு 25 கிளிப் என்றால் மாதம் 5.6 ஜிபி. நீங்கள் தினமும் 10 நிமிடம் லைவ் பார்த்தால் இன்னொரு 4.5 ஜிபி. ஆக, 10 முதல் 12 ஜிபி பிளான் ஒரு சாதாரண வீட்டுக்குத் தாராளம்.

வாசல் தெருவைப் பார்த்தபடி இருந்தால் கதை மாறும். போகிற வருகிற வண்டிக்கெல்லாம் பதிவாகி நாளுக்கு 150 கிளிப் ஆனால், ஒரே நாளில் 1.1 ஜிபி போய்விடும். 24 மணி நேரமும் கிளவுடில் பதிவு செய்யும் வகை பெல் நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் தின்னும். சிம் இன்டர்நெட்டுக்கு அந்த வகை வேண்டவே வேண்டாம்.

"அன்லிமிடெட்" என்று போட்டிருக்கும் பிளானில், அளவு தாண்டியதும் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்று பாருங்கள். 128 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அந்த 30 விநாடி கிளிப் மேலே ஏற 8 நிமிடம் ஆகும். பெல் அடித்தவர் அதற்குள் போயே போயிருப்பார்.

2. எந்த நெட்வொர்க் என்று வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள்

போனில் எத்தனை கோடு தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். ரவுட்டர் வைக்கப்போகும் இடத்தில் போனின் வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். பார்க்க வேண்டியது அப்லோடு வேகம். பெல் வீடியோவை அனுப்பத்தான் செய்கிறது. டவுன்லோடு 40 இருந்தாலும் அப்லோடு 0.5 என்றால் படம் உறைந்து நிற்கும். அப்லோடு 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டவரில் நெரிசல் கூடும் மாலை நேரத்திலும் ஒருமுறை சோதியுங்கள்.

3. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கரண்டில் நேரடியாக ஓடும், பேட்டரி இல்லாத 4ஜி ரவுட்டர்தான் எங்கள் பரிந்துரை. பையில் வைத்துக்கொள்ளும் பேட்டரி ஹாட்ஸ்பாட் மலிவாகக் கிடைக்கும். ஆனால் எப்போதும் சார்ஜில் கிடந்தால் அதன் பேட்டரி உப்பக்கூடும், யாரும் இணையாமல் சில நிமிடம் கழிந்தால் வைஃபையை அணைத்துக்கொள்ளும், கரண்ட் நின்று வந்தால் சில மாடல்கள் பட்டனை அழுத்தினால்தான் உயிர் பெறும். பழைய போனை ஹாட்ஸ்பாட்டாக வைத்தாலும் இதே தொல்லைதான். பட்ஜெட் மிகவும் இறுக்கம் என்றால், சிம் போட்டு, போன் அடாப்டரில் செருகி ஓடும் வைஃபை டாங்கிள் பரவாயில்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ரவுட்டர் ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு லாக் ஆகியிருக்கக் கூடாது. வெளி ஆன்டெனா மாட்டும் வசதி இருந்தால் சிக்னல் குறைந்த வீட்டில் கைகொடுக்கும்.

4. சிம்மைத் தயார் செய்யுங்கள்

சிம்மை முதலில் ஒரு போனில் போட்டு ஆக்டிவேட் செய்யுங்கள். சிம் பின் லாக் (சிம்மைத் திறக்கக் கேட்கும் ரகசிய எண்) இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் பின் கேட்டு அப்படியே நிற்கக்கூடும். சிம் நிறுவனத்தின் ஆப்பில் உங்கள் போனிலிருந்தே லாகின் செய்து வையுங்கள். ஓடிபி அந்த சிம்முக்கே வரும் என்பதால் ரவுட்டரில் போடும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஆட்டோ ரீசார்ஜ் இருந்தால் போட்டுவிடுங்கள். இந்த பிளானை ரவுட்டரில் பயன்படுத்த அனுமதி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் போனுக்கான சிம்மை ரவுட்டரில் தடுத்துவிடும்.

5. ரவுட்டர் செட்டிங்ஸ்

போனை ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அதன் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1 ஆக இருக்கும். சிக்னல் இருந்தும் நெட் வரவில்லை என்றால் ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இன்டர்நெட்டில் நுழைய ரவுட்டர் பயன்படுத்தும் பெயர்) தவறாக இருக்கலாம். சிம் நிறுவனம் சொல்லும் பெயரை அப்படியே அடியுங்கள்.

ரவுட்டர் செட்டிங்ஸின் சிக்னல் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் வலுவைக் காட்டும் ஓர் எண் தெரியும். மைனஸ் 90 டிபிஎம் அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110ஐ நெருங்கினால் ரவுட்டரை ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். சில நேரம் அரை மீட்டர் நகர்த்தினாலே அந்த எண் 10 அளவுக்கு மாறும். ஆனால் வாசலை விட்டு ரொம்பத் தள்ளிப் போனால் பெல்லுக்கு வைஃபை எட்டாது. இரண்டுக்கும் நடுவே இடம் தேட வேண்டும். பெல்லின் ஆப்பில் வைஃபை அளவு மைனஸ் 65க்குக் கீழே (மைனஸ் 70, 80 என்று) போகாமல் இருந்தால் சரி.

பெரும்பாலான பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும். அதற்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2, சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பாஸ்வேர்டை வீட்டுக்கு வருபவர்களிடம் கொடுக்காதீர்கள். விருந்தாளி ஒருவரின் போன் ஆப் அப்டேட் இழுத்தாலே மாத டேட்டா ஒரே மதியத்தில் காலியாகிவிடும். பெல்லைத் தவிர வேறு எதையும் தடுக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால் அதையும் போடுங்கள். வாரம் ஒருமுறை அதிகாலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வையுங்கள். மாட்டிக்கொண்ட இணைப்புகள் பல இதிலேயே சரியாகும்.

6. பெல்லை இணைத்து, பதிவைக் குறையுங்கள்

இணைக்கும்போது உங்கள் போனும் அதே 2.4 வைஃபையில் இருக்கட்டும், மொபைல் டேட்டா அணைந்திருக்கட்டும். இணைந்ததும் ஆப்பில் நடமாட்ட எல்லையை வாசற்படி வரை மட்டும் வரையுங்கள், சாலையை வெட்டிவிடுங்கள். ஆளை மட்டும் கண்டறியும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். வீடியோ தரத்தை 720பிக்கு இறக்கினாலும் முகம் தெளிவாகவே தெரியும்.

போர்ட் ஃபார்வர்டிங் செய்து, அதாவது ரவுட்டரில் வழி திறந்து வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்கும் வகை கேமரா இங்கே உதவாது. மொபைல் நெட்வொர்க்கில் பல சந்தாதாரர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேரடியாகத் தொட முடியாது. தன் சர்வரோடு தானே பேசும் ஆப் வகை பெல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நெட் இல்லாத நேரத்திலும் வீட்டுக்குள் மணி அடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வயர் மணி அல்லது பெல்லோடு நேரடியாகப் பேசும் ரேடியோ மணி இருந்தால் அடிக்கும். ஆப் வழியாக மட்டும் மணி அடிக்கும் பெல் என்றால் வாசலில் நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார்.

7. கிளம்பும் முன் சோதனை

உங்கள் போனின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பெல்லை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். 5 விநாடிக்குள் அறிவிப்பு வர வேண்டும். தாமதமானால் உங்கள் போனில் அந்த ஆப்பின் பேட்டரி சேமிப்பை நிறுத்துங்கள். பல நேரம் குற்றவாளி அதுதான்.

அடுத்து ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்து மாட்டுங்கள். யாரும் எதையும் தொடாமல் 5 நிமிடத்துக்குள் பெல் ஆப்பில் மீண்டும் வர வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும் வீடென்றால் ரவுட்டர் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டுக்குப் பொருந்தும் மினி யுபிஎஸ் ஒன்று சேர்த்துவிடுங்கள். பிளக்கின் மேல் "அணைக்க வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்கள் கழற்றிவிட்டுப் போவது உண்டு. கேமரா எதையெல்லாம் பார்க்கிறது, யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் வீட்டுப் பெரியவரிடம் படத்தைக் காட்டியே சொல்லுங்கள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை டேட்டா செலவைப் பாருங்கள். கணக்கைவிட இரண்டு மடங்கு போனால் நடமாட்ட எல்லையை இன்னும் சுருக்குங்கள். பாதிதான் போகிறதென்றால் அடுத்த ரீசார்ஜில் சின்ன பிளானுக்கு இறங்குங்கள்.