ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் புதுப்பிக்கையில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு கார் ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதை ஆலையிலிருந்து வந்தபடியே மீட்பதா, இன்றைய சாலைக்கு ஏற்பச் சில மாற்றங்களைச் செய்துகொள்வதா என்பதைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். ஸ்பானரால் கழற்றி மீண்டும் பழையபடி பூட்டிவிடக்கூடிய மாற்றம் எதுவானாலும் தவறில்லை என்பதும், வெட்டியும் ஒட்டியும் மட்டுமே செய்ய முடிகிற மாற்றம் கூடாது என்பதும் என் கருத்து. இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்த அளவுகோல் ஹெரால்டுக்கு நன்றாகவே பொருந்தும். ஜியோவானி மிக்கெலாட்டி வடிவமைத்த அதன் பாடி, தனிச் சேசிஸின் மேல் பகுதி பகுதியாகப் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டது. பானட்டோ இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். கழற்றுவது எளிது என்பதாலேயே பலர் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டு, திரும்பப் பூட்டும்போது கதவு இடுக்குகள் ஒன்றுசேராமல் திண்டாடுகிறார்கள். ஆகவே ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன், பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே எந்த இடத்தில் எத்தனை தகடுகள் வைக்கப்பட்டுள்ளன என்பதை எழுதிக்கொண்டு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டின் அடியிலும் கதவு அட்டையின் பின்னாலும் பழைய வண்ணம் பெரும்பாலும் அழியாமல் இருக்கும். பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் அதைப் பார்த்துக் குறித்துவைத்தால், அசல் நிறம் எது என்று பிறகு ஊகிக்க வேண்டியதில்லை.

சேசிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடித்துப் போயிருப்பது இந்தக் காரில் வழக்கம். அவற்றை அதே வடிவத்தில், அதே கனத்தில் செய்து வெல்டிங் வைப்பது பழுதுபார்ப்பே அன்றி மாற்றம் ஆகாது. ஆனால் வேறு எஞ்சின் உட்காருவதற்காகச் சேசிஸில் புதிய தாங்கிகளை வைப்பது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்ற முடியாது. மேலும், 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்காக 2021-இல் வந்த விதிகளின்படி ‘விண்டேஜ்’ பதிவு பெற வேண்டுமானால், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அந்தப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ‘விஏ’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட இயலாது. எனவே காரைக் கண்காட்சிக்கு வைப்பதா, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதா என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த விலக்கு. 948 சிசி எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டது. அந்தப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. ஈயம் இல்லாதபோது எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடம் மெல்லத் தேய்ந்து உள்ளே இறங்கும். ஹெட்டைக் கழற்றும் வேளையில் கடினப்படுத்திய வால்வு சீட்டுகளைப் பொருத்திவிடுவதே சரி. அது திரும்பப் பெற முடியாத வேலைதான், ஆனாலும் எஞ்சின் பிழைக்க வேண்டுமே. அத்துடன் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் புதிதாகப் பொருத்திவிடுங்கள்.

கழற்றிப் பூட்டக்கூடியவற்றில் முதலிடம் பிரேக்குக்கே. பிரிட்டனில் விற்பனையான ஹெரால்டு 1200-க்கு முன்சக்கர டிஸ்க் பிரேக் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது என்பதால், அதைப் பொருத்துவது காரின் மரபுக்கு அந்நியமும் இல்லை. டைனமோவுக்குப் பதில் அல்டர்னேட்டர், பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், சீட் பெல்ட் ஆகியவையும் இந்த வகையே. பழைய வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் அல்டர்னேட்டரை மாட்டினால் மாட்டிய உடனேயே புகைந்துவிடும். கழற்றிய பொருளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதை வைத்திருந்தால்தான் அடுத்த உரிமையாளர் விரும்பும்போது காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். அகல வீல், மெட்டாலிக் பெயிண்ட், தோல் இருக்கை போன்றவை அவரவர் ரசனை. எனக்கு அவை இந்தக் காரின் முகத்துக்குப் பொருந்துவதாகத் தோன்றியதில்லை.

பின்சக்கரங்களின் ஸ்விங் ஆக்ஸில் (நடுவிலிருந்து தனித்தனியே மேலும் கீழும் அசையும் இரு அரைத் தண்டுகள்) வளைவில் வேகமாகத் திரும்பும்போது உள்ளே மடங்கும் என்பது உண்மை. 1972-இல் வந்த கஸல் மாடலில் நிறுவனமே அதைக் கைவிட்டு ஒரே தண்டான ஆக்ஸிலுக்கு மாறியது. ஆனால் அந்த அமைப்பை ஹெரால்டுக்குக் கொண்டுவரச் சேசிஸில் கைவைக்க நேரும். நல்ல ஷாக் அப்சார்பரைப் போட்டு, வளைவில் பிரேக்கை அழுத்தாமல் ஓட்டினால் போதும்.

முன்பக்கச் சஸ்பென்ஷனின் அடியில், முன்சக்கரத்தைத் தாங்கும் தூணின் கீழ்முனை திருகி நிற்கும், மரையோடு கூடிய டிரன்னியன் என்ற பாகம் இருக்கிறது. அதற்குக் கியர் ஆயிலே விட வேண்டும். ஆனால் பட்டறைகளில் கையில் கிடைக்கும் கிரீஸை அடைத்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி, உள்ளே ஈரம் புகுந்து மரை அரிக்க, என்றாவது ஒருநாள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தூண் முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். எனவே இதை உங்கள் கண்முன் கழற்றச் செய்து, மரையைத் துடைத்துப் பார்த்து, ஐயமிருந்தால் இருபக்கமும் புதியதைப் போடுங்கள். வண்டி ஓடத் தொடங்கி முதல் சில நூறு கிலோமீட்டர் ஆனதும் பாடி போல்ட்டுகளை எல்லாம் மறுபடி முறுக்கி, டிரன்னியனுக்கு மீண்டும் ஆயில் விடுங்கள்.