இசைத்தட்டு கேட்க எந்த ஆம்ப் வாங்கலாம்: பழையதா, புதியதா?

டர்ன்டேபிள் வாங்கியாகிவிட்டது, ஸ்பீக்கரும் ஓரளவு முடிவாகிவிட்டது, இனி ஆம்ப்ளிஃபயர்தான் பாக்கி. 1970-களில் வந்த கனமான பழைய ஆம்ப்பை வாங்குவதா, கேரண்டியோடு வரும் புதியதை வாங்குவதா என்று குழம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஆம்ப்பைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த நல்ல மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் பழையதைத் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் ஃபோனோ வசதியுள்ள, அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கித் தரும் பகுதி உள்ள, புதியதை வாங்குங்கள்.

படி 1: ஃபோனோ இருக்கிறதா என்று பாருங்கள்

இசைத்தட்டைப் பொறுத்தவரை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ஊசியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் பகுதிதான் கார்ட்ரிட்ஜ். சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) வகை கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான். சிடி பிளேயர் 2 வோல்ட் வரை தரும். அதனால் டர்ன்டேபிளின் சிக்னலை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்கிய பிறகுதான் மற்ற கருவிகளின் அளவுக்குப் பக்கத்தில் வரும்.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டில் பதிக்கும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டித்தான் பதிக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளங்கள் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் அடங்கும். ஊசியின் உரசல் சத்தமும் தூக்கலாகக் கேட்கும். இதற்கு 1950-களில் உருவான பொது அளவுகோல்தான் ஆர்ஐஏஏ. கூட்டியதைக் குறைத்து, குறைத்ததைக் கூட்டிப் பழையபடி ஆக்குவது ஃபோனோ பகுதியின் வேலை. அது இல்லாத ஆம்ப்பில் இணைத்தால் பாட்டு மெலிந்து, தகர டப்பாவில் அடித்த மாதிரி கேட்கும்.

உங்கள் டர்ன்டேபிளின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஃபோனோ, லைன் என்று சின்ன சுவிட்ச் இருந்தால் அதற்குள்ளேயே ஃபோனோ பகுதி இருக்கிறது என்று பொருள். அப்படியானால் எந்த ஆம்ப்பும் சரி. சுவிட்சை லைனில் வைத்துவிட்டு ஆம்ப்பின் ஃபோனோ துளையில் மட்டும் செருகாதீர்கள். இரண்டு முறை பெருக்கி, பாட்டு உடைந்து இரையும்.

படி 2: பழைய ஆம்ப்பின் பலம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

1970-களில் வீட்டில் நல்ல இசை என்றாலே முக்கியமாக இசைத்தட்டுதான். அதனால் மராண்ட்ஸ், பயனியர், சான்சுய் போன்ற தயாரிப்புகளில் ஃபோனோ பகுதிக்கு நிறைய அக்கறை காட்டினார்கள். சிலவற்றில் இரண்டு டர்ன்டேபிள்களை இணைக்கலாம். வளைந்த தட்டு சுழலும்போது ஸ்பீக்கர் கூம்பு முன்னும் பின்னும் வீணாக ஆடுமே, அதைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரும் பலவற்றில் உண்டு.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது மோனோ பட்டன். 1960-களின் தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ பதிவுகள். ஸ்டீரியோ ஊசியில் அவற்றைப் போட்டால், ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் தூசிச் சத்தமும் கரகரப்பும் சேர்ந்தே வரும். மோனோ பட்டனை அழுத்தினால் இரண்டு சேனலும் ஒன்றாகி, அந்த இரைச்சலில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பாடகரின் குரல் தெளிவாக நடுவில் வந்து நிற்கும். இன்றைய ஆம்ப்களில் பெரும்பாலானவற்றில் இந்த பட்டன் கிடையாது. பழைய மோனோ தட்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே பழைய ஆம்ப் தேட நல்ல காரணம்.

வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். மராண்ட்ஸ் 2270 சேனலுக்கு 70 வாட், பயனியர் எஸ்எக்ஸ்-1980 270 வாட். ஆனால் 20 வாட் மட்டுமே கொண்ட என்ஏடி 3020-ஐ இன்றும் தேடி வாங்குகிறார்கள். சாதாரண அறைக்கு 20 முதல் 40 வாட் வரை இருந்தால் போதும். மலிவான புது ஆம்ப் பெட்டிகளில் 'பிஎம்பிஓ' (கண நேர உச்ச அளவு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

படி 3: பழையதை நேரில் சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. விற்பவர் ஆன் செய்வதற்கு முன்பே பின்பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த பல ஆம்ப்களில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். அது 220 அல்லது 240-இல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். திருகே இல்லாமல் 100 அல்லது 120 என்று மட்டும் எழுதியிருந்தால், வோல்டேஜைக் குறைத்துத் தரும் தகுந்த ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைக்கவே கூடாது.

பல வருடம் ஓடாமல் கிடந்த ஆம்ப் என்றால், முதலில் சீரிஸ் பல்பு வழியாக, அதாவது மின் இணைப்பின் நடுவே ஒரு பல்பைச் சேர்த்து, மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். அது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. பழைய குண்டு பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பத்து நிமிடம் சூடேற விடுங்கள். மீட்டரை டிசி மில்லிவோல்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50-க்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் சரிசெய்யாமல் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். பெரிய அளவில் டிசி வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

அப்புறம் நீங்கள் நன்கு கேட்டுப் பழகிய தட்டு ஒன்றைப் போடுங்கள். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் பெரும்பாலும் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். எதையும் தொடாமலே பொரிவது போலச் சத்தம் வந்தால் பழைய டிரான்சிஸ்டராக இருக்கலாம். இரண்டு பக்கமும் அடர்த்தியான ரீங்காரம் கேட்டால் பவர் சப்ளை கண்டென்சர் காய்ந்திருக்கக்கூடும். ஃபோனோ பகுதியின் இரைச்சலை எப்போதும் டர்ன்டேபிளை இணைத்து வைத்தே கேளுங்கள். காலியாக இருக்கும் ஃபோனோ துளை நல்ல ஆம்ப்பிலும் ரீங்கரிக்கும்.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் டர்ன்டேபிளின் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகுங்கள். குறை மறுபக்கத்துக்குப் போனால் கோளாறு கார்ட்ரிட்ஜிலோ வயரிலோ இருக்கிறது. அதே பக்கத்திலேயே நின்றால் ஆம்ப், ஸ்பீக்கர் பக்கம் தேடுங்கள்.

கேட்கும் விலையோடு சர்வீஸ் செலவையும் கூட்டியே பேரம் பேசுங்கள். கண்டென்சர் எளிதில் கிடைக்கும். ஆனால் எஸ்டிகே வகை ஐசியில் (பெருக்கும் வேலையை ஒரே சிப்பில் அடக்கிய பாகம்) ஓடும் ஆம்ப் என்றால் யோசியுங்கள். அசல் ஐசி கிடைப்பது கடினம், போலிகள் ஏராளம். சென்னையில் இருப்பவர்கள் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பாகங்களை விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

படி 4: புதியது என்றால்

இது சுலபம். எம்எம் ஃபோனோ உள்ளேயே இருக்க வேண்டும். யமஹா ஏ-எஸ்301, டெனான் பிஎம்ஏ-600என்இ, ரேகா பிரியோ மூன்றிலும் அது உண்டு. இன்னும் மெல்லிய சிக்னல் தரும் எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் பயன்படுத்துகிறவர்கள் அதற்கும் இடமிருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். பிடித்த ஆம்ப்பில் ஃபோனோ இல்லையென்றால் தனி ஃபோனோ பெட்டி வாங்கி நடுவில் சேர்த்துக்கொள்ளலாம். தட்டோடு புளூடூத்தும் டிவியும் ஒரே ஆம்ப்பில் வேண்டும் என்பவர்களுக்கு நான் புதியதைத்தான் சொல்வேன்.

படி 5: இணைப்பது

எது வாங்கினாலும் இணைக்கும் முறை ஒன்றுதான். ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும். ஸ்பீக்கரின் ஓம் அளவு (மின்தடை) ஆம்ப்பின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ஃபோனோ துளைக்குப் பக்கத்தில் உள்ள திருகில் முறுக்குங்கள். இதை விட்டுவிட்டு ஆம்ப்பில் ரீங்காரம் என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் நிறையப் பேர். வால்யூமைக் குறைத்து ஆன் செய்து, ஊசியை வைத்த பிறகு மெதுவாகக் கூட்டுங்கள். ஊசியை எடுப்பதற்கு முன்பும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.