இறுக்கம் இல்லாமல் டிரையத்லான்: புதுச்சேரி, கடலூர் பக்கம் புதிதாகப் பழகுபவர்களுக்கு

டிரையத்லான் பழக வருகிறவர்கள் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் முதல் நாளே அட்டவணை போட்டுவிடுகிறார்கள். உடம்பை இளக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் ரேஸ் அன்று தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். வராது. அதையும் தினமும் பழக வேண்டும்.

1989 ஹவாய் அயர்ன்மேன் ரேஸில் மார்க் ஆலனும் டேவ் ஸ்காட்டும் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, மாரத்தானிலும் பெரும்பகுதி தூரம் பக்கத்துப் பக்கத்திலேயே ஓடினார்கள். கடைசி ஏற்றத்தில் விலகிப் போன ஆலன் 58 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். எட்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்த உடம்பில் அப்படி ஒரு ஏற்றத்துக்கு என்ன மிச்சமிருக்கும்? இதைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பரிசுப் பணம், ஸ்பான்சர் என்று மனக்கணக்கு ஓடும்போதுதான் தோள் காதுவரை ஏறும்.

சரி, நம் முதல் இலக்கு ஸ்பிரின்ட் தூரம்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம்.

படி 1: பாயில் படுத்தபடி

தூங்கப் போகும் முன் மல்லாந்து படுங்கள். முஷ்டியை ஐந்து எண்ணும் வரை இறுக்கி, சட்டென்று விடுங்கள். அப்புறம் தோள், தாடை, நெற்றி, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று ஒவ்வொன்றாக. இறுக்கம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் ஓடும்போது அதைக் கண்டுபிடித்து விட முடியும். பிறகு நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். அதனால் விடும் நேரம் நீளமாக இருக்கட்டும்.

படி 2: தண்ணீர்

புதியவர்கள் அதிகம் பதறுவது இங்கேதான். முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அரை வினாடியில் பழைய காற்றை விட்டு, புதுக் காற்றையும் இழுக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் சரியாக நடக்காது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேரச் சேர மூச்சு முட்டுவது போல இருக்கும், நெஞ்சு படபடக்கும்.

நீச்சல் குளத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்து, மூக்கு வழியாகக் குமிழிகளை மெதுவாக, நிறுத்தாமல் விடுங்கள். தலையைத் திருப்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை. இது பழகும்வரை வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அடுத்து, மல்லாந்து மிதந்தபடி பத்து மூச்சு. எங்கே பதற்றம் வந்தாலும் இப்படிப் புரண்டு படுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். ரேஸில் முடியாவிட்டால் கையைத் தூக்குங்கள். பெரும்பாலான ரேஸ்களில் பாதுகாப்புக்கு நிற்கும் கயாக்கை (சின்னத் துடுப்புப் படகை) பிடித்து ஓய்வெடுக்க விதி இடம் தருகிறது. அதைப் பிடித்தபடி முன்னே நகரக் கூடாது, அவ்வளவுதான்.

கடலுக்கு வருவோம். புதுச்சேரி கடற்கரைச் சாலையை ஒட்டிக் கொட்டியிருக்கும் பாறைகள் பக்கம் இறங்க வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினத்திலும் சரி, வேறெங்கும் சரி, தனியாக இறங்கவே கூடாது. அன்றைக்கு நீரோட்டம் எப்படி என்று அந்தக் குப்பத்து மீனவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குளமே போதும். நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்கு வாருங்கள்.

படி 3: சைக்கிள்

விடியற்காலையில் ஈசிஆரில் காலாப்பட்டு பக்கம் போங்கள். கோடையில், வெயில் ஏறியதும் மீனவர்கள் சோழகம் என்று சொல்லும் தெற்குக் காற்று கிளம்பிவிட்டால், வடக்கே போகும்போது நாம் பெரிய வீரர் போலத் தெரியும். திரும்பும்போதுதான் சோதனை. வேகம் குறையக் குறைய ஹேண்டில்பாரை நெரிக்கத் தொடங்குவோம். அந்தப் பிடி முழங்கையை விறைக்க வைக்கும். சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் நேராகக் கழுத்துக்கு ஏறும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: விரல்களால் ஹேண்டில்பார் மேல் தாளம் போட முடிகிறதா? முடியவில்லை என்றால் பிடி அதிகம். முழங்கையைச் சற்று மடக்கி, தோளை இறக்கி, ஒரு நீண்ட மூச்சு விடுங்கள். கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வருமாறு மிதியுங்கள். எதிர்காற்றில் மீட்டர் காட்டும் வேகத்தைப் பார்க்காதீர்கள். உழைப்பு ஒரே அளவில் இருந்தால் போதும்.

படி 4: டிரான்சிஷன்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவதுதான் டிரான்சிஷன். பொருட்களை எடுக்கும் வரிசையிலேயே அடுக்கி, மொட்டை மாடியில் சில முறை ஒத்திகை பாருங்கள். ஹெல்மெட் பக்கிளை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கலாம். அது விதி.

படி 5: ஓட்டம்

மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகளை விடாததால் புதுச்சேரி கடற்கரைச் சாலை ஓடிப் பழக நல்ல இடம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரத்துப்போனது போல இருக்கும். முதல் கிலோமீட்டருக்குச் சின்னச் சின்ன அடி வையுங்கள். கட்டைவிரல் ஆள்காட்டி விரல் மேல் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கன்னம் குலுங்குகிறதா என்று பாருங்கள். குலுங்கினால் தாடை இளகியிருக்கிறது.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது, அதனால் உடம்புச் சூடும் இறங்காது. 2016-ல் மெக்சிகோவின் கோசுமேல் ரேஸில் முன்னணியில் ஓடிய ஜானி பிரவுன்லீ, முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் வெப்பத்தில் தள்ளாடினார். அண்ணன் அலிஸ்டர்தான் தாங்கிக் கூட்டிவந்தார். உலகத்தரம் வாய்ந்தவருக்கே அந்த நிலை. இளநீரோ உப்புப் போட்ட மோரோ, பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதை மட்டும் ரேஸ் அன்று குடியுங்கள். தலைசுற்றினால் நின்றுவிடுங்கள்.

படி 6: ரேஸ் நாள்

முந்தின இரவு ஒரு தாளில், நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால், டயர் பஞ்சரானால், முதல் 100 மீட்டரில் மூச்சு வாங்கினால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். விடை கையில் இருந்தால் கவலை மனதில் சுற்றிக்கொண்டிருக்காது. காலையில் இதயம் வேகமாக அடிப்பது இயல்பு, உடம்பு தயாராகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். வேகக்காரர்கள் பாய்ந்த பிறகு பத்து எண்ணி இறங்குங்கள்.

முடித்த அன்றே, எந்த இடத்தில் முதலில் இறுகினீர்கள் என்று குறித்துவையுங்கள். தண்ணீரிலா, ஹேண்டில்பாரிலா, ஓட்டத்திலா? அடுத்த மாதப் பயிற்சியை அந்தப் படியிலிருந்து தொடங்கலாம்.