கோழி எரு மட்டும் போட்டால் மண் கறுக்காது

பினாங்கில் பாலிக் புலாவிலோ புக்கிட் மெர்தாஜம் பக்கத்திலோ சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கோழி எரு மூட்டையைத்தான் வாங்குகிறோம். கீரை நன்றாக வருகிறது, சரி. ஆனால் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், மண்ணைக் கறுப்பாக்கும் கரிமம் (கார்பன்) குறைவு. நுண்ணுயிர்கள் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் இன்னும் வேகமாக. கரிமத்தில் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடும்.

மண்ணில் கரிமம் தங்க வேண்டுமானால் நார் உள்ள பொருள் வேண்டும். மட்கிய மாட்டுச் சாணம், காய்ந்த இலை, பழம் எடுத்த செம்பனை வெற்றுக்குலை, கரியாக்கிய நெல் உமி எல்லாம் நல்லவை. இவற்றில் உமிக்கரிதான் நெடுங்காலம் நிற்கும். கோழி எருவோடு காய்ந்த இலையைக் கலந்து மட்க வையுங்கள். ஒரு பங்கு எருவுக்கு அளவில் இரண்டு மூன்று பங்கு இலை போதும். வாடை போய், சூடு அடங்கி, கையில் பொலபொலவென உதிர்ந்தால் போடலாம். ஆனால் பச்சை மரத்தூளை மண்ணில் கிளறிவிடாதீர்கள், தழைச்சத்தை அது பிடித்துக்கொள்ளும், செடி மஞ்சளடிக்கும்.

இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1852 முதல் 1871 வரை மட்டும் தொழுவுரம் போட்ட ஒரு பாத்தி இருக்கிறது. நூறு வருடம் கழித்தும் அங்கே, உரமே போடாத பாத்தியைவிடக் கரிமம் அதிகமாக இருந்தது. அது குளிர்நாடு. இங்கே வருடா வருடம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் மண்ணை அடிக்கடி கொத்தாமல் காய்ந்த இலை போன்றவற்றால் மூடாக்கு போட்டு வையுங்கள்.