இம்பாசிபிள்: ஒரே சொல்லை மூன்று விதமாகப் பிரிப்போம்

பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால நேரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர் 'இம்பாசிபிள்' என்பதில் 'இம்'மை ஓங்கி அடித்துவிட்டு, மீதியை ஒரே சீராகச் சொல்லிவிடுவார்கள். தமிழில் இப்படிப் பேசினால் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவர் தடுமாறிப் போவார்.

படி 1: அசை

எழுத்தைப் பார்க்காதீர்கள், உயிரொலியை எண்ணுங்கள். இம்-பா-சி-பிள், மொத்தம் நான்கு. ஸ்பெல்லிங்கில் எஸ் இரண்டு முறை வந்தாலும் ஒலிப்பது ஒன்றுதான்.

பள்ளியில் படித்த அலகிடுதலை மட்டும் இங்கே கொண்டு வர வேண்டாம். யாப்புக் கணக்கில் இது இம்/பா/சிபிள்: நேர் நேர் நிரை, தேமாங்கனி. மூன்றே அசை! நிரையசையில் இரண்டு உயிர் இருக்கும். ஆங்கிலத்தில் அது இரண்டு அசை.

படி 2: அழுத்தம்

ஒரு ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரலிலும் மாட்டிக்கொள்ளுங்கள். 'இம்' சொல்லும்போது தளர்வாகப் பிடியுங்கள். 'பா' வந்ததும் இழுங்கள். 'சிபிள்' சொல்லும்போது விட்டுவிடுங்கள். இழுக்கிற இடத்தில் குரல் ஏறி நீளும், 'சி' தேய்ந்துவிடும். பத்து முறை செய்தால் கை மறந்தாலும் வாய் மறக்காது.

இப்போது 'பாசிபிள்' சொல்லிப் பாருங்கள். அங்கேயும் 'பா'வில்தான் அழுத்தம். முன்னொட்டு வந்து நின்றும் அது நகரவில்லை. ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி இல்லை. 'ஃபேமஸ்' முன்னால் 'இன்' சேர்ந்தால் அழுத்தம் 'இன்' மேல் தாவி, 'ஃபே' சுருங்கி, 'இன்ஃபமஸ்' ஆகிவிடும். பொருளும் புகழில்லாதவர் என்பதல்ல, கெட்ட பெயர் எடுத்தவர்.

படி 3: சொல்லின் உறுப்புகள்

இன் + பாஸ் + இபிள். நடுவில் இருப்பது 'முடிதல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேர். சரி, 'இன்' எப்படி 'இம்' ஆனது? 'ப' சொல்ல உதடு மூட வேண்டும். அதற்குத் தயாராகி முந்தைய ஒலியும் உதட்டுக்கு வந்துவிடுகிறது. மரம் + கள் 'மரங்கள்' ஆகிறதே, அதே வேலைதான். லீகல் 'இல்லீகல்' ஆவதும் இந்த வழியில்தான்.

உறுப்பு மூன்று, அசை நான்கு. வெட்டும் இடமும் வேறு: 'பாஸ்' என்பதில் உள்ள எஸ், அசை பிரிக்கும்போது 'சி'யோடு போய்விடுகிறது.

அப்புறம் 'இம்பேஷன்ட்' எடுத்துக்கொண்டு இதே மூன்று படியையும் செய்யுங்கள். ரப்பர் பேண்டு 'பே'யில் நீள வேண்டும்.