தாலி கட்டும் நேரத்தில் பெருவிரல் எங்கே? கல்யாணப் படம் எடுப்பவர்கள் விடும் சில தவறுகள்

போன மாதம் மாங்குளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு இரண்டாவது கமராவாகப் போயிருந்தேன். பிரதான கமரா பிடித்த தம்பி, கெட்டிமேளம் தொடங்கிய நேரம் கமராவைக் கண்ணிலிருந்து இறக்கி எதையோ திருகிக்கொண்டு நின்றார். பத்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன். பற்றரி, கார்ட் விஷயமெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுகிறேன்.

ஃபோகஸும் ஷட்டரும் ஒரே விரலில்

ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுக்க அழுத்தினால் படம், இதுதான் பழைய வழக்கம். இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தவறு. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கோயில் கல்யாணம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிகிறார், சனம் முழுக்க எழும்பி அறுகரிசி போடுகிறது, ஓமப்புகை வேறு. ஷட்டரை அழுத்துகிறேன், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறதே தவிர படம் விழவில்லை. ஒற்றை ஃபோகஸ் முறையில் (ஒரு தடவை பிடித்து நிறுத்தும் முறை) ஃபோகஸ் பிடிபடும்வரை கமரா பொதுவாகப் படம் எடுக்காது. கடைசியில் ஒரே ஒரு படம் விழுந்தது, அதிலும் தெளிவாக இருந்தது முன்னால் நின்ற யாரோ ஒருவரின் கை. அல்பம் பார்த்த பொம்பிளையின் அம்மா, "முடிச்சுப் போடுற படம் இல்லையோ தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் ஏசியிருந்தால்கூட இவ்வளவு காலம் மனதில் நின்றிருக்காது.

அன்றைக்குப் பிறகு ஃபோகஸைப் பின்பக்கம் இருக்கும் ஏஎஃப்-ஆன் (ஃபோகஸ் மட்டும் பிடிக்கும்) பொத்தானுக்கு, அதாவது பெருவிரலுக்கு மாற்றினேன். கனனில் ஷட்டர் பொத்தானுக்கு ஒளி அளவிடும் வேலையை மட்டும் விட்டுவிடலாம். நிக்கான் டி750 போன்றவற்றில் தனிப் பொத்தான் இல்லை, ஏஇ-எல் ஏஎஃப்-எல் பொத்தானுக்கு அந்த வேலையைக் கொடுத்து, தொடர் ஃபோகஸ் (ஏஎஃப்-சி) முறையில் வைக்கலாம். ஐயர் தாலியை ஆசீர்வாதத்துக்குச் சுற்றக் கொடுக்கும்போதே பொம்பிளையின் கழுத்தில் ஃபோகஸ் பிடித்துப் பெருவிரலை எடுத்துவிடுங்கள். அப்புறம் அரிசி பறந்தாலும் கை குறுக்கே வந்தாலும் லென்ஸ் அசையாது, சுட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் நீங்கள் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது. முழுச்சட்டக் கமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சர்) 70 மி.மீ. லென்ஸ், துவாரம் எஃப் 2.8, 3 மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 30 செ.மீ.தான். சனம் இடிக்கும் இடத்தில் நான் எஃப் 4க்குப் போய்விடுவேன், கிட்டத்தட்ட அரை அடி கூடக் கிடைக்கும்.

எரிச்சல் என்னவென்றால், இதைச் சொல்லிக் கொடுத்தால் கல்யாணத்தன்று காலையில்தான் மாற்றிப் பார்க்கிறார்கள், கை பழகாமல் மதியத்துக்குள் பழையபடி மாற்றிவிட்டு "சரிவராது அண்ணை" என்கிறார்கள். இரண்டு கிழமை முற்றத்தில் ஓடும் கோழியை எடுத்துப் பழகுங்கள், பெருவிரல் தானாகப் போகும்.

பொத்தானைக் கண்ணால் தேடுவது

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் கமராவைப் பார்த்துப் பார்த்து ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மாற்ற முடியாது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

தானாகத் திரும்பும் டயல்

சோனி ஏ7 3இல் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் டயலுக்குப் பூட்டு இல்லை, ஏ7 4இல் உண்டு. பூட்டில்லாததைத் தோளில் மாட்டினால், எடுக்கும்போதெல்லாம் டயல் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பெருவிரலால் தடவி, வியூஃபைண்டரிலும் பாருங்கள்.

வெளியில் லென்ஸ் மாற்றுவது

நம்முடைய செம்மண் புழுதியில் வேண்டாம். வாகனத்துக்குள் ஏறி மாற்றுங்கள்.

கமராவை இன்னொருவரிடம் கொடுப்பது

ஒரு குடும்பப் படத்தில் நீங்களும் நிற்க வேண்டி வந்தால், கமராவை வாங்கும் மச்சானுக்குப் பின்பக்கப் பொத்தான் தெரியாது, எல்லாம் மங்கித்தான் வரும். கனன் என்றால், நம்முடைய அமைப்பைப் பதிந்து வைக்க டயலில் இருக்கும் சி1இல் பழைய அரை அழுத்த முறையைப் பதிந்து வைத்து, அதற்குத் திருப்பிவிட்டுக் கொடுங்கள்.