பழ வைன்: குமிழி நின்றதும் புட்டியில் அடைக்கும் தவறு

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் விக்டோரியா என்ற வகை பிளம்ஸ் பழ மரம் வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் இறுதி வந்தால் திண்டாட்டம்தான். கிளை முறியும் அளவுக்குப் பழுத்துத் தள்ளும். ஜாம் கிண்டி அலுத்தவர்கள் வைன் பக்கம் வருகிறார்கள். சென்ற குளிர்காலத்தில் அப்படி வந்த ஒரு இளம் தம்பதியர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவற்றை அட்சரம் பிசகாமல் செய்யவிருந்தார்கள். பாத்திரம் சுத்தமாக இருக்க வேண்டும், அழுகிய பழம் ஆகாது என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுவதால் அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பழத்தைக் கொதிக்கவைத்தல்

பிளம்ஸில் பெக்டின் மிகுதி. ஜாமை இறுக வைக்கும் அதே பொருள்தான், கொதிக்கவைத்தால் வைனில் இறங்கி, எத்தனை மாதமானாலும் தெளியாத மங்கலைத் தருகிறது. பழத்தைக் கொட்டை நீக்கிப் பிசைந்து, பெக்டினைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து, ஒரு நாள் கழித்து ஈஸ்ட் இட்டால் போதும்.

ரொட்டி ஈஸ்ட்

வேண்டாம். வைன் ஈஸ்ட் பொட்டலம் அதைவிடப் பெரிய செலவில்லை.

குமிழி நின்றால் நொதித்தல் முடிந்தது என்று நம்புதல்

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். செப்டம்பரில் இரண்டு ஜாடிகளில், ஜாடிக்கு நாலரை லிட்டர் வீதம், வைன் போட்டேன். வெப்பமூட்டி இல்லாத கார் கொட்டகையில் அவை இருந்தன. டிசம்பரில் ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஜாடி அடைப்பு) குமிழி அடங்கிவிட்டது, வைனும் தெளிந்திருந்தது. சற்று இனித்தபோது, பழத்தின் இயல்பான இனிப்பு என்று மகிழ்ந்து, பழைய திருகுமூடிப் புட்டிகள் பன்னிரண்டில் அடைத்து, மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியில் அடுக்கினேன். மே மாதத்தில் ஒரு நள்ளிரவு, யாரோ ஜன்னலை உடைக்கிறார்கள் என்று எண்ணி எழுந்து ஓடிவந்தோம். ஐந்து புட்டிகள் வெடித்திருந்தன. அலமாரிக் கதவில் நகநீளக் கண்ணாடிச் சில்லு ஒன்று குத்தி நின்றது. என் மகள் பள்ளிக்குக் காலணி எடுக்கும் அலமாரி அது. மீதி ஏழையும் கையுறை அணிந்து, கெட்டியான துண்டில் சுற்றி, ஒவ்வொன்றாகத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நடந்தது இவ்வளவுதான்: குளிரில் ஈஸ்ட் உறங்கிவிட்டது, சாகவில்லை. எஞ்சிய சர்க்கரையை வெயில் வந்ததும் மூடிய புட்டிக்குள் தின்னத் தொடங்கியது. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தால் புட்டிக்குள் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஷாம்பெயினில் இரண்டாம் நொதித்தலுக்குச் சேர்ப்பது லிட்டருக்குச் சுமார் 24 கிராம். அந்த ஆறு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்குவதற்காகவே அதன் புட்டி அத்தனை கனமாக வார்க்கப்படுகிறது. சாதாரண வைன் புட்டி அதற்கானதன்று. தக்கை அடைத்திருந்தால் அது பிதுங்கி வெளியேறியிருக்கவும் கூடும், திருகுமூடி விட்டுக்கொடுக்காது.

மேற்சொன்ன தம்பதியரின் வைனில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். நீரை 1.000 எனக் கொண்டு திரவத்தின் அடர்த்தியை, அதாவது ஒப்படர்த்தியை, அளக்கும் கருவி அது. 1.012 காட்டியது. லிட்டருக்கு 30 கிராமுக்குமேல் சர்க்கரை மிச்சமிருந்தது என்று பொருள். அவர்களோ மறுநாள் அடைப்பதற்குப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பத்து பவுண்டுக்குள் கிடைக்கும் கருவியை வாங்காமல், புட்டியில் ஒட்டும் அலங்காரச் சீட்டுகளை மட்டும் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்ததைக் கண்டபோது எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஈஸ்ட் இடும் முன்பே ஒப்படர்த்தியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 1.085 அளவில் தொடங்கலாம். அது 0.998 அல்லது அதற்கும் கீழே இறங்கி, ஜாடியை வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் வைத்த பின்னும் அசையாமல் நின்றால் மட்டுமே நொதித்தல் முடிந்ததாகக் கொள்ளலாம். அளக்கும் மாதிரியை முதலில் நன்கு குலுக்கி வாயுவை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் குமிழிகள் கருவியைத் தூக்கிப் பொய் சொல்ல வைக்கும். பொட்டாசியம் சார்பேட் என்ற பாதுகாப்பு உப்பைப் போட்டுவிட்டேன் என்பவர்களுக்கு: அது ஈஸ்ட் பெருகுவதைத்தான் தடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது. இனிப்பான வைன் வேண்டுமானால், முழுவதும் புளிக்கவிட்டு, தெளிந்ததை வண்டலிலிருந்து பிரித்து, சார்பேட்டுடன் கேம்டன் மாத்திரையும் (சல்பைட் உப்பு மாத்திரை) சேர்த்த பிறகே சர்க்கரை கலக்க வேண்டும்.

ஜாடியின் கழுத்தில் காலியிடம்

நொதித்தல் வேகமாக இருக்கும்வரை கார்பன் டை ஆக்சைடு காவல் நிற்கும். அது அடங்கிய பின் காலியிடத்தில் காற்று புகுந்தால், அசிட்டிக் அமில பாக்டீரியா வைனை வினிகராக்கிவிடும். வண்டல் நீக்கிய பின் குறையும் அளவை வேறொரு வைனால் கழுத்துவரை நிரப்புங்கள்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு

இங்கே இங்கிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு வைன் செய்யலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பது குற்றம்.

அவசரமாகக் குடித்தல்

ஓராண்டு பொறுங்கள்.